இறகு உரசும் பழைய வில்

பழைய காம்பவுண்ட் வில்லோடு வருகிறவர்கள், ‘அம்பு வாலாட்டிக்கிட்டே போகுது சார்’ என்பார்கள். நான் முதலில் கேபிளைத்தான் பார்ப்பேன். இறகு உரசிய தடம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

அமெரிக்காவில் மிசௌரியைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன், இந்த வில்லுக்கு 1966-இல் விண்ணப்பித்து 1969 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். நுனிகளில் சக்கரம் வைத்தார். முழுக்க இழுத்ததும் கையில் தாங்கவேண்டிய பாரம் குறைந்தது. கலிஃபோர்னியாவின் டாம் ஜென்னிங்ஸ் அதைத் தயாரித்துப் பரப்பினார். அருமையான ஏற்பாடுதான். ஆனால் ஒற்றை நாண் இருந்த இடத்தில், அம்பு போகும் பாதையை ஒட்டியே எஃகுக் கேபிள்களும் வந்து நின்றன. அவற்றைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்கும் கம்பி, அதாவது கேபிள் கார்டு, பிறகுதான் வந்தது.

அன்று பலர் விரலால் நாணை விட்டார்கள். அம்பில் பறவை இறகு இருந்தது. விரலிலிருந்து நாண் நழுவும்போது அம்பு பக்கவாட்டில் நெளியும். கிளாரன்ஸ் ஹிக்மன் 1930-களிலேயே அந்த நெளிவை அதிவேகப் படத்தில் பிடித்துக் காட்டியிருந்தார். அம்பைத் தாங்கும் அக்கால ரெஸ்ட்டுகள் அதற்கென்றே செய்யப்பட்டவை. எதிலாவது பட்டாலும் பறவை இறகு மடங்கிக் கொடுத்துவிடும். பின்னால், விரலுக்குப் பதிலாக நாணைப் பிடித்து விடும் ரிலீஸ் கருவி பரவியது. அதில் அம்பு பெரும்பாலும் மேலும் கீழுமாக வளையும். கூடவே விறைப்பான பிளாஸ்டிக் இறகும் வந்தது. அது மடங்காது, பட்டால் அம்பையே திருப்பிவிடும். வில்லைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது தன் காலத்து அம்புக்குச் சரியாகத்தான் செய்யப்பட்டது.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் சோதியுங்கள். காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை இறகு, ரெஸ்ட், கேபிள் மூன்றிலும் அடித்துவிட்டு ஓர் அம்பு எய்யுங்கள். பவுடர் அழிந்த இடம்தான் உரசும் இடம். அம்பின் வாலில் நாண் பொருந்தும் ‘நாக்’ என்ற துண்டைச் சற்றே திருப்பினால் பல வில்களில் அதுவே போதும். போதாவிட்டால் கேபிள் கார்டைக் கொஞ்சம் வெளியே தள்ளலாம். இறகு தப்பும் அளவுக்கு மட்டும் தள்ளுங்கள். அதிகமானால் வில்லே முறுக்கிக்கொள்ளும். அப்புறமும் உரசினால் பறவை இறகுக்குத் திரும்புங்கள். வில்லின் உடலை அரத்தால் ராவிப் பள்ளம் பறிக்காதீர்கள்; வில்லை அழுத்திப் பிடிக்கும் வில் பிரஸ் இல்லாமல் கேபிளில் கை வைக்கவே வேண்டாம்.