துளைவழி வந்த பூக்கள்: சோழமண்டலக் கரையிலிருந்து மண்ணரை வரை

திருப்பூருக்குப் பூ அச்சு பிந்தி வந்தது. 1925-ஐ ஒட்டித் தொடங்கிய பின்னலாடைத் தொழில் அரை நூற்றாண்டுக்கு வெள்ளை பனியனை நம்பியே வளர்ந்தது. சட்டைக்குள் மறையும் பனியனுக்குப் பூ எதற்கு? 1970-களின் இறுதியில் இத்தாலிய வணிகர் டி-ஷர்ட் கேட்டு வந்த பிறகே பிரிண்டிங்குக்கு வேலை பெருகியது. பூவின் படமும் பெரும்பாலும் பையர் அனுப்பும் ஆர்ட்வொர்க்காகவே வந்தது.

இதை நம் மரபு அறுந்ததன் அடையாளம் என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1643-லேயே லண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி, தரை வெள்ளையாகவும் நடுவில் பூவும் கிளையும் வண்ணத்திலும் இருக்கட்டும் என்று சூரத்தில் இருந்த தன் ஆட்களுக்கு எழுதியிருக்கிறது. கேட்ட பூவைப் போட்டுக்கொடுப்பது இந்நாட்டில் பழைய தொழில். மாறியது வேறு: இதழின் கடைசிக் கோட்டை யார் முடிவு செய்வது என்பது.

சோழமண்டலக் கரையில் சாயத்துணி செய்த முறையைப் பிரெஞ்சுப் பாதிரியார் கெர்டூ 1742-இல் விரிவாக எழுதினார். எருமைப்பாலும் கடுக்காயும் ஏற்றிய துணிமேல், கோட்டின் வழியே ஊசியால் துளையிட்ட தாளை விரித்துக் கரித்தூள் தட்டுவார்கள், புள்ளிகள் விழும். பிறகு கலம் என்ற எழுதுகோலை எடுத்துக் கையால் வரைவார்கள். சிவப்பு, படிகாரத்தோடு சேர்ந்த சாயவேரிலிருந்து வந்தது. துளை வழிகாட்டியது, இதழை முடித்தது கை.

இன்றைய ஸ்கிரீன் அச்சிலும் துளைகள்தாம். ஆனால் இங்கே துளை வழியே சாயமே இறங்குகிறது, கைக்கு மிச்சம் ஏதுமில்லை. நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால், கலர் செபரேஷன் செய்பவரே பூவுக்கு இரண்டாவது ஓவியர். எட்டு நிறச் செம்பருத்தியை நான்காகக் குறைத்து, நிழலைப் புள்ளிகளால் ஏமாற்றித் தருபவர் அவர். அவர் பெயரை வடிவமைப்பு வரலாறுகள் பெரும்பாலும் குறிப்பதில்லை.

வெட்டிய துணித் துண்டை டேபிளில் வைத்து அச்சடித்தவரை நெஞ்சில் ஒற்றைப் பூ போதும். துணி முழுக்கப் பூ வேண்டுமென்றால் ரோட்டரி. 1963-இல் நெதர்லாந்தின் ஸ்டோர்க் நிறுவனம் அறிமுகம் செய்த இந்த முறையில், வழக்கமான நிக்கல் உருளையின் சுற்றளவு 64 சென்டிமீட்டர். ஆகவே பூ திரும்ப வரும் இடைவெளியான ரிப்பீட் 64 ஆக வேண்டும். இல்லையேல் 32, 16 என அதில் மீதமின்றி அடங்க வேண்டும். கொடியின் வளைவு எங்கே முடிந்து எங்கே தொடங்க வேண்டும் என்பதை உருளை சொல்கிறது. போதாததற்குப் பின்னல் துணி இழுபடும். பெல்ட்டில் ஒட்டும்போது அகலவாட்டில் இழுபட்டால், தளர்ந்த பின் வட்டச் செவ்வந்தி அகலம் ஒடுங்கி நெட்டையாகிவிடும். நெய்த துணிக்கு வரைந்த பூவை அப்படியே கொண்டுவந்தால் இங்கே எடுபடாது.

திருப்பூரில் நொய்யல் ஆற்றோரத்து மண்ணரையில் இன்னொரு கட்டாயமும் சேர்கிறது: தண்ணீர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயக்கழிவை ஒரு சொட்டும் ஆற்றில் விடாத ஏற்பாடு இருந்தால்தான் தொழில் என்றானது. மண்ணரையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் இந்த வரலாற்றுக்குள் வருவதே. ரியாக்டிவ் சாயத்தில் அடித்த பிரிண்டை நீராவியில் வைத்தபின் நீரில் அலச வேண்டும், அந்த நீரும் கழிவாகும். பிக்மெண்டுக்குப் பைண்டரும் சூடும் போதும். ஆனால் பிக்மெண்ட் பரப்பு பெரிதானால் துணி விறைக்கும். எனவே நிறம் நிரம்பிய பெரிய தாமரையைவிட, கோட்டுருவமாகச் சிதறிய சிறுபூவே அதற்குத் தோது. அழகியல் தேர்வு போலத் தோன்றுவதில் பாதி, கழிவுநீர்க் கணக்கு.

டிஜிட்டல் பிரிண்டிங் வந்தபின் ஸ்கிரீனும் இல்லை, 64 சென்டிமீட்டர் எல்லையும் இல்லை. சாம்பிளுக்கும் சிறு ஆர்டருக்கும் அது கைகொடுக்கிறது. மீட்டர்கள் கூடக்கூட ரோட்டரியே மலிவு என்பதால், பெரிய ஆர்டரின் பூ இன்னும் உருளையின் சுற்றளவுக்குள்தான் மலர்கிறது.