நார்ட்டன் கழற்றிய கண்ணாடி

கூலிங் கிளாஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஸ்டைல், சினிமா, பைக். ஆனால் பனிமலை ஏறுகிறவர்களுக்கு அது ஷூ மாதிரி, கயிறு மாதிரி ஒரு கருவி. அதைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்ததற்காக ஒரு மனிதர் என்ன விலை கொடுத்தார் என்று பார்த்தால், இன்று கடைகளில் "ஒரு பிரேம், மூன்று லென்ஸ்" என்று விற்கும் கண்ணாடிகளின் அர்த்தம் புரியும்.

1924 ஜூன் 4. எவரெஸ்டின் வடக்குப் பக்கம். எட்வர்டு நார்ட்டனும் ஹோவர்டு சாமர்வெல்லும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். சாமர்வெல் நம் ஊருக்கு அந்நியர் அல்ல. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல வருடங்கள் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தவர், பிறகு வேலூர் சி.எம்.சி.யிலும் வேலை பார்த்தவர். அன்று சுமார் 28,000 அடி உயரத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு அவரால் மேலே நகர முடியவில்லை. நார்ட்டன் மட்டும் தனியாகப் போனார். 8,573 மீட்டர் வரை போய்த் திரும்பினார். ஆக்சிஜன் இல்லாமல் மனிதன் ஏறிய உயரம் என்ற அந்தச் சாதனை 1978-ல் மெஸ்னரும் ஹபேலரும் சிகரம் தொடும் வரை நின்றது.

சரி, கண்ணாடி விஷயத்துக்கு வருவோம்.

அந்த உயரத்தில் நார்ட்டன் நடந்தது பெரும்பாலும் பாறை மேல். ஓடு வேய்ந்த கூரை மாதிரி சரிந்து கிடக்கும் பாறை. கால் வைக்கும் இடம் சரியாகத் தெரிய வேண்டும், தவறினால் கீழே பல ஆயிரம் அடி. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்படி நடப்பது அவருக்கு இடைஞ்சலாக இருந்தது. சுற்றிலும் பனி அதிகம் இல்லையே, பாறைதானே, கண் கூசாது என்று நினைத்துக் கழற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. அன்று இரவு நார்த் கோல் முகாமுக்குத் திரும்பிப் படுத்த பிறகு கண்ணில் தாங்க முடியாத வலி. சுமார் 60 மணி நேரம் பார்வை இல்லை.

ஜூன் 6 காலை, மல்லோரியும் இர்வினும் அதே முகாமிலிருந்து மேலே கிளம்பினார்கள். அந்தக் குழுவின் தலைவரான நார்ட்டன் கை கொடுத்து வழியனுப்பினார். ஆனால் அவர்கள் போவதை அவரால் பார்க்க முடியவில்லை. அவர்கள் திரும்பி வரவே இல்லை.

பனிக் குருடு என்பது எப்படி வருகிறது?

சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர் கண்ணின் கருவிழிப் படலத்தைச் சுட்டுவிடுகிறது. வெயிலில் தோல் கறுத்து உரிகிறதே, அதே மாதிரிதான். வலி உடனே வராது. பல மணி நேரம் கழித்து, கண்ணில் மணலை அள்ளிப் போட்டது மாதிரி வரும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாக ஆறிவிடும். ஆனால் மலை உச்சியில் இரண்டு நாள் பார்வை இல்லாமல் இருப்பது சாதாரண விஷயமா?

உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு இது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதிதாக விழுந்த பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கடற்கரை மணலே சுமார் 15 சதவீதம்தான். அதாவது பனிமலையில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும். தொப்பி போட்டால் மட்டும் போதாது.

இதை முதலில் கண்டுபிடித்தது விஞ்ஞானிகள் இல்லை. ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்களும் அவர்களின் முன்னோர்களும், வால்ரஸ் தந்தத்திலும் மான் கொம்பிலும் மரத்திலும் கண் மறைப்பு செய்து, நடுவில் மெல்லிய கீறல் மட்டும் விட்டு, அதன் வழியாகப் பார்த்தார்கள். உள்பக்கம் கரி பூசுவதும் உண்டு. லென்ஸே கிடையாது. அதனால் மூச்சுக் காற்று பட்டு மங்கும் பிரச்சனையும் கிடையாது. எளிமையான மூளை!

கண்ணாடியில் இந்த வேலையைச் செய்து காட்டியவர் வில்லியம் குரூக்ஸ். உலைக்கு முன்னால் நின்று வேலை செய்யும் கண்ணாடித் தொழிலாளர்களுக்குக் கண்புரை வருவதைத் தடுக்க வேண்டும் என்று, 300-க்கும் மேற்பட்ட கலவைகளைச் செய்து பார்த்தார். சீரியம் போன்ற பொருட்களைச் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாத கதிர்களைக் குறைக்கலாம் என்று 1913-ல் காட்டினார். தொழிலாளிக்காக ஆரம்பித்த ஆராய்ச்சி, பிறகு வெயில் கண்ணாடிக்கும் அடிப்படை ஆனது.

ஆனால் நார்ட்டனின் பிரச்சனை இதோடு தீரவில்லை. அவரிடம் கண்ணாடி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பாறையில் காலடி பார்த்து நடப்பது இடைஞ்சலாக இருந்தது என்பதுதான் பிரச்சனை.

ஒரு நாள் மலை நடையை யோசித்துப் பாருங்கள். விடியும் முன் டார்ச் வெளிச்சத்தில் கிளம்ப வேண்டும். பிறகு காட்டு நிழல். பிறகு திறந்த புல்வெளி. மதியம் பனி. திடீரென்று மேகம் இறங்கினால் மேடு பள்ளம் எதுவும் தெரியாத வெள்ளை. பனிக்கு ஏற்ற லென்ஸைக் காட்டில் போட்டால் வேர் தடுக்கும். காட்டுக்கு ஏற்றதைப் பனியில் போட்டால் கண் கூசும்.

இதற்கு வந்த ஒரு தீர்வு, வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி. கார்னிங் நிறுவனத்தின் ஆர்மிஸ்டெட், ஸ்டூக்கி இருவரும் 1964-ல் இதைப் பற்றி எழுதினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் குளிரில் இவை அதிகமாகக் கறுக்கும், வெளுக்க அதிக நேரம் எடுக்கும். பனிமலையில் இருப்பதோ குளிர்!

இன்னொரு தீர்வு, லென்ஸையே கழற்றி மாற்றுவது. கனமான, உடையக்கூடிய கண்ணாடியில் இது சிரமம். 1953-ல் கண்டுபிடிக்கப்பட்ட பாலிகார்பனேட் பிளாஸ்டிக் லென்ஸ் செய்யப் பயன்பட ஆரம்பித்த பிறகு வழி திறந்தது. லேசானது, வளையும், சுலபத்தில் உடையாது. பனிச்சறுக்கு, சைக்கிள் பந்தயக்காரர்கள் முதலில் பிடித்துக்கொண்டார்கள், மலை நடைக்காரர்கள் பின்னால் வந்தார்கள். பிரேமைத் திறந்து லென்ஸை எடுக்கும் வசதியோடு ஓக்லியின் ஜாபோன் 2009-ல் வந்தது.

பாலிகார்பனேட்டில் இன்னொரு முக்கியமான விஷயம் உண்டு. நிறமே இல்லாத லென்ஸ் கூட புற ஊதாக் கதிரை அநேகமாக முழுவதும் தடுத்துவிடும். இருட்டு வேறு, பாதுகாப்பு வேறு! கறுப்பாக இருந்தும் கதிரைத் தடுக்காத மலிவுக் கண்ணாடி இன்னும் மோசம். இருட்டில் கண்மணி விரியும், உள்ளே கதிர் அதிகமாகப் போகும். நார்ட்டனிடம் வெளிர் நிற லென்ஸ் ஒன்று கூடுதலாக இருந்திருந்தால், அந்தப் பாறையில் காலடியும் தெரிந்திருக்கலாம், கண்ணும் தப்பித்திருக்கலாம்.

இன்று லென்ஸ்களை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். 0 என்றால் 80 சதவீதத்துக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். 3 என்றால் 8 முதல் 18 சதவீதம், சாதாரண வெயிலுக்கு. 4 என்றால் 3 முதல் 8 சதவீதம்தான், பனிக்கும் பனியாற்றுக்கும். 4-ஐப் போட்டு வண்டி ஓட்டக் கூடாது.

செலவுக் கணக்கும் சரியாக வரும். மூன்று கண்ணாடி வாங்குவதை விட ஒரு பிரேமும் மூன்று லென்ஸும் பெரும்பாலும் மலிவு, பையிலும் இடம் குறைவு. ஆனால் கடையில் ஏ.சி.யில் உட்கார்ந்து மாற்றிப் பார்ப்பது சோதனை இல்லை. கையுறை போட்டுக்கொண்டு, நின்றபடியே, லென்ஸில் விரல் ரேகை படாமல், கீழே போடாமல் ஒரு நிமிடத்தில் மாற்ற முடிகிறதா? முடியாவிட்டால் மலையில் யாரும் மாற்ற மாட்டார்கள். நார்ட்டன் மாதிரி கழற்றி வைத்துவிடுவார்கள். அப்போது அந்த மூன்று லென்ஸும் தண்டச் செலவு.

கடைசியாக ஒன்று. 1999 மே 1 அன்று எவரெஸ்டில் மல்லோரியின் உடல் கிடைத்தது. அவருடைய பனிக் கண்ணாடி முகத்தில் இல்லை, சட்டைப் பையில் இருந்தது. நார்ட்டன் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்த மனிதர், அடுத்த சில நாளிலேயே வெளிச்சத்தில் கண்ணாடியைக் கழற்றியிருப்பாரா? அதனால் அவர் விழுந்தது இருட்டிய பிறகாக இருக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். அவரிடம் இன்னொரு கண்ணாடி இருந்திருக்கலாம் என்று மறுப்பவர்களும் உண்டு.

எது உண்மையோ, அந்த இருவரின் கடைசிப் பயணத்தைப் பற்றி யோசிக்கிறவர்கள் இன்றும் முதலில் தொட்டுப் பார்ப்பது ஒரு பாக்கெட்டில் இருந்த கண்ணாடியைத்தான்.