கொள்ளைநோய்க் கணக்கு – 6: இரண்டு நாளா, ஏழு நாளா?

பம்பாய்ப் பிளேக்கின் மரணக் கணக்கோடு இரண்டு ஸ்கொட்லாந்துக்காரர்களைப் போன வாரம் எடின்பரோவில் விட்டு வந்தோம். ஒருவர் கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றித் திரும்பிய மருத்துவர் மெக்கென்ட்ரிக். மற்றவர் 1924இல் ஆய்வுகூட வெடிப்பில் பார்வை இழந்த வேதியியலாளர் கெர்மாக்.

1927இல் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது. ஊரை மூன்றாகப் பிரித்தார்கள்: நோய் வரக்கூடியவர்கள், நோயோடு இருப்பவர்கள், நோயிலிருந்து மீண்டோ இறந்தோ விலகியவர்கள். 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் வாராவாரம் விழுந்த பிணங்களின் எண்ணிக்கை, அந்தப் பிரிவுகளை வைத்து அவர்கள் எழுதிய சமன்பாட்டின் வளைகோட்டோடு ஏறி, அதோடே இறங்கியது. எல்லாருக்கும் தொற்றிய பிறகுதான் நோய் ஓயும் என்பதில்லை. தொற்றக்கூடியவர்கள் ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தாலே அது அடங்கத் தொடங்கும் என்று அவர்கள் நிறுவினார்கள்.

இனி 2020 மார்ச், திருகோணமலை மாவட்டத்துத் தோப்பூர். கொவிட் தொற்றால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு. விடுதிகள் காலியாகி, பிள்ளைகள் கைபேசித் திரையில் விரிவுரை கேட்கத் தொடங்கினார்கள். ‘கெம்பஸ் எப்ப திறப்பாங்க?’ என்பதே வீட்டுக்கு வீடு கேள்வி.

அந்தக் கேள்வி நம் நாட்டில் ஏன் இத்தனை கடினம் என்பதை நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலான துறைகளில் 40 வீதம் பேர் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் தெரிவாகிறார்கள். 55 வீதம் மாவட்டக் கோட்டா. 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் திருகோணமலையும் உண்டு. அதனால் தோப்பூர்ப் பிள்ளைக்குப் பக்கத்திலிருக்கும் கோணேசபுரி வளாகமும் கிடைக்கலாம், பேராதனையோ ருகுணுவோ கிடைக்கலாம். ஒரே விடுதி அறையில் தோப்பூரும் மாத்தறையும் கம்பஹாவும் படுத்துறங்கும். நம் ஊரைப் போன்ற ஊர்களுக்கு அந்தக் கோட்டா பெரும் கொடை. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் விடுமுறைக்குப் பிள்ளைகள் வீடு திரும்பும்போது ஒரு விடுதியின் தொற்று ஒரே நாளில் பல மாவட்டங்களுக்குப் பயணப்பட்டுவிடும்.

2020 ஜூலை மாத இறுதியில் பால்டியல், ஏமி ஜெங், ரோஷெல் வலென்ஸ்கி மூவரும் அமெரிக்காவில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கற்பனை வளாகம் ஒன்று. கிட்டத்தட்ட 5,000 மாணவர்கள், அவர்களுக்குள் யாருக்கும் தெரியாமல் 10 பேருக்குத் தொற்று, 80 நாள் பருவம். அடிப்படையில் அதே பழைய மூன்று பிரிவுதான், பரிசோதனையும் தனிமைப்படுத்தலும் அதில் சேர்ந்துகொண்டன. ஏழு நாளைக்கு ஒருமுறை எல்லாரையும் சோதித்தால் 1,840 பேருக்குத் தொற்று. இரண்டு நாளைக்கு ஒருமுறை என்றால் 243. அதுவும் தொற்றுள்ள பத்துப் பேரில் ஏழு பேரை மட்டுமே பிடிக்கும் சுமாரான சோதனையை வைத்து! காய்ச்சல், இருமல் வந்தவரை மட்டும் பிடித்தால் போதும் என்ற நம்பிக்கையை அந்தக் கணக்கு உடைத்துப் போட்டது. என் பார்வையில் அந்த ஆண்டின் மிக முக்கியமான பாடம் இதுதான்: சோதனை எவ்வளவு துல்லியம் என்பதைவிட எவ்வளவு அடிக்கடி என்பதே பெரிது. பி.சி.ஆர். முடிவுக்காக நாள்கணக்கில் காத்திருந்த ஏழை நாடுகளுக்கு அது எவ்வளவு கசப்பான செய்தி!

இலினோய் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர்கள் நைஜல் கோல்டன்ஃபெல்ட், செர்கெய் மஸ்லோவ் இருவரும் இன்னும் நுணுக்கமாக இறங்கினார்கள். உமிழ்நீர்ச் சோதனை, வாரம் இருமுறை, எல்லாருக்கும். பருவம் முழுவதும் சேர்த்தே சுமார் 700 தொற்றுதான் என்றது கணக்கு. ஓகஸ்ட் 24, வகுப்புகள் தொடங்கின.

இரண்டு வாரம் முடியும் முன்பே 700 தாண்டிவிட்டது.

மாணவர்கள் விருந்துக்குப் போவார்கள் என்பதைச் சேர்த்திருந்தார்கள். முகக்கவசத்தை மறப்பார்கள் என்பதையும் சேர்த்திருந்தார்கள். அவர்கள் சேர்க்காமல் விட்ட ஒன்று, ‘உங்களுக்குத் தொற்று உறுதி’ என்ற முடிவு மாணவர் கைக்கு வந்த பிறகு நடந்தது.

(தொடரும்)