காற்றறிந்து வகுக்கும் இலக்கு: சீனன்குடாவில் ட்ரையத்லன் பயிற்சியின் தொடக்கம்

1. பொருளும் எல்லையும்

நீச்சல், சைக்கிளோட்டம், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது அடுத்தடுத்துச் செய்து முடிப்பது ட்ரையத்லன். இதற்கு முதன்முறையாகத் தயாராகும் ஒருவர் எதைத் தம் இலக்காகக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா. களம், திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையில் உள்ள சீனன்குடா. பிறர் வகுத்த தூரத்தையும் நேரத்தையும் தொடக்கத்திலேயே இலக்காக்குவது தவறு. ஊரின் காற்றையும் தம் உடலையும் அறிந்தே இலக்கை வகுக்க வேண்டும்.

2. போட்டியும் அதன் அளவுகளும்

இந்தப் பெயரில் முதற்போட்டி 1974 செப்டெம்பரில், அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடந்தது. 1978இல் ஹவாயில் நடந்த முதல் ‘அயன்மேன்’ போட்டியில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தனர். 2000ஆம் ஆண்டு சிட்னியில் இப்போட்டி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஒலிம்பிக் அளவு 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிளோட்டம், 10 கிலோமீற்றர் ஓட்டம். ‘ஸ்பிரின்ட்’ அளவு இதில் சரிபாதி. 2018 பெப்ரவரியில் கொழும்பில் நடந்த ‘அயன்மேன் 70.3’ போட்டியில் 1.9 கிலோமீற்றர் நீந்தி, 90 கிலோமீற்றர் சைக்கிளோடி, 21.1 கிலோமீற்றர் ஓட வேண்டியிருந்தது. இதைக் கேட்டு ஊக்கம் கொள்ளலாம். முதல் ஆண்டின் அளவுகோலாகக் கொள்ளலாகாது.

3. நிலமும் பருவமும்

3.1 நீர்: சீனன்குடாவின் முன்னுள்ள நீர் அலையின்றிக் கிடப்பது. ஆயினும் விமானப்படைத் தளம், எண்ணெய்க் குதங்கள், மாவாலை, கப்பல் போக்குவரத்து எனப் பலவும் சூழ்ந்த துறைமுக நீர் நீச்சற் பயிற்சிக்கு உரியதன்று. நீந்துவோர் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளுக்கே போக வேண்டும்.

3.2 காற்று: ஒக்டோபர் இறுதி முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவ மழையும் கொந்தளிக்கும் கடலும். அப்போது கடலில் இறங்கக் கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை கடல் தணிந்திருக்கும். ஆனால் அதே மாதங்களில்தான் கச்சான் காற்று வீசுகிறது. அது மேற்கிலிருந்து, தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் வறண்ட வெப்பக் காற்று. கரையோரம் நீர் கண்ணாடி போல் தெரியும். காற்றோ நீந்துபவரை மெல்ல வெளியே தள்ளும். போகும்போது இலகுவாயிருந்த அதே தூரம், திரும்பும்போது கையை ஓயச் செய்யும். எனவே காற்று வலுக்குமுன் விடியற்காலையில், கரைக்கு இணையாக, கால் தரிக்கும் ஆழத்திலேயே நீந்த வேண்டும்.

4. இலக்கின் வகைகள்

இலக்கு மூவகைப்படும். பரிசு பெறுவது போன்ற முடிவிலக்கு பிறரையும் சார்ந்தது. இத்தனை நிமிடத்தில் முடிப்பது என்ற திறனிலக்கு அன்றைய வெயிலையும் காற்றையும் சார்ந்தது. வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி செய்வது என்ற செயலிலக்கு பெரிதும் நம் கையில் இருக்கிறது. தொடங்குபவருக்கு மூன்றாவதே ஏற்றது.

இதற்கு அடித்தளம் உண்டு. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதல் நான்கு வாரங்களுக்கு 150 நிமிடத்தைத் தவறாமல் எட்டுவதே இலக்காகட்டும். நீரிழிவும் இதய நோயும் தெற்காசியரிடையே இள வயதிலேயே தோன்றுவதால், நாற்பதைக் கடந்தவரும் குடும்பத்தில் அந்நோய் உள்ளவரும் முதலில் வைத்தியரைக் காண வேண்டும்.

5. பயிற்சியின் பகுப்பு

5.1 நீச்சல்: வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்தவர். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர்நீத்தார். அத்தகைய வீரருக்கும் நீர் இரங்கவில்லை என்பதை மறவாதிருப்போம். தனியே நீந்துவது கூடாது. நீச்சற் குளத்தில் போலக் கடலில் வழிகாட்டும் கோடு கிடையாது. எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணளவு தலை தூக்கி ஓர் அடையாளத்தைப் பார்த்துத் திசை திருத்தப் பழக வேண்டும். உப்புவெளியில் தெற்கே நிற்கும் கோணேசர் கோயில் மலை அதற்கு நல்ல அடையாளம்.

5.2 சைக்கிள்: கிண்ணியா வீதி போன்ற சமதரையில் ஏற்றம் குறைவு, எதிர்க்காற்றே இங்கு ஏற்றம். முதலில் எதிர்க்காற்றில் போய், களைத்தபின் காற்றோடு திரும்பும்படி வழியைத் தெரிவு செய்க. சாதாரணச் சைக்கிளே தொடக்கத்துக்குப் போதும். தலைக்கவசத்தைப் பூட்டிய பின்னரே சைக்கிளைத் தொட வேண்டும் என்பது போட்டி விதி. அதைப் பயிற்சியிலேயே பழக்கமாக்குக.

5.3 ஓட்டம்: சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கும் முதற் சில நிமிடங்களில் தொடை மரக்கட்டை போலிருக்கும். ஒரே சுழற்சிக்குப் பழகிய தசைகள் வேறொரு அசைவுக்கு மாறும் நேரம் அது. வாரம் ஒருமுறை சைக்கிளோட்டம் முடிந்த கையோடு பத்து நிமிடம் ஓடினால் இந்தப் பாரம் படிப்படியாகக் குறையும். ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. திக்கித் திணறினால் குறைக்க வேண்டும்.

5.4 வெப்பம்: உடல் வெப்பத்துக்கு இசைய ஏறத்தாழ 10 முதல் 14 நாள் வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பார்த்தால், இழந்த நீரின் அளவு தெரியும். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வை போயிருக்கிறது. உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீர் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய உதவும். தலைச்சுற்றலோ குளிரோ தோன்றினால் உடனே நிறுத்தி, நிழலில் உடலை நீரால் நனைக்க வேண்டும்.

6. முடிபு

மேற்கூறியவற்றிலிருந்து சீனன்குடாவுக்கான ஆண்டு ஒழுங்கு தெளிவாகிறது. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடை, மெல்லோட்டம், சைக்கிள் பழக்கம். மே முதல் ஓகஸ்ட் வரை விடியற்காலைக் கடல் நீச்சலும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுதலும். செப்டெம்பரில் ஒரு காலை, நண்பர் கரையில் காவல் நிற்க, 400 மீற்றர் நீந்தி, 10 கிலோமீற்றர் சைக்கிளோடி, 2.5 கிலோமீற்றர் ஓடிப் பார்த்தல். மாரியில் வீட்டுக்குள் தசைப் பயிற்சியும் ஓய்வும். கச்சானையும் மாரியையும் அறிந்து ஓராண்டு பழகியவருக்கு ஸ்பிரின்ட் அளவு எட்டாத தூரமன்று. இன்றே ஒரு கொப்பியில் இந்த வாரத்துக்குரிய 150 நிமிடங்களை நாள்வாரியாகப் பிரித்து எழுதுங்கள். நாளை விடியலில் முதல் 20 நிமிடத்தை நடந்து முடியுங்கள்.