பெரியப்பாவின் இல்லாத கட்டைவிரல்

முகையூர்ல எங்க பெரியப்பாவுக்கு வலது கை முழங்கைக்கு மேலே இருந்து கிடையாது. வெல்லம் காய்ச்சுற இடத்துல கரும்பு செருகும்போது ஆலையில மாட்டிக்கிச்சு. வாரம் ஒருமுறை திண்ணையில் உட்கார்ந்து சவரம் பண்ணிக்குவார். வலது கன்னத்துல கத்தி பட்டதும், "டேய், கட்டைவிரல் கூசுதுடா" என்பார். எந்தக் கட்டைவிரல்? இல்லாத வலது கைக் கட்டைவிரல்! பசங்க நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். பெரியம்மா மந்திரிச்ச கயிறு வாங்கிவந்து இடது கையில் கட்டினாங்க.

வி.எஸ். ராமச்சந்திரனைப் படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1951-ல் பிறந்த நம்ம தமிழர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிச்சு, அமெரிக்காவின் சான் டியாகோவில் ஆராய்ச்சி செய்தவர். கை இழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டிவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியால் கன்னத்தைத் தொட்டிருக்கிறார். தொடுவது கன்னத்திலும் தெரிந்ததாம், இல்லாத கட்டைவிரலிலும் தெரிந்ததாம்! இதை அவர் 1992-ல் எழுதினார்.

அது ஏன் முகம்? காலில் தெரியக்கூடாதா?

இதுக்கு 1937-க்குப் போகணும். மான்ட்ரியல் நகரில் பென்ஃபீல்டும் போல்ட்ரியும், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளைமேல் லேசாக மின்சாரம் பாய்ச்சி, எங்கே தொட்டால் உடம்பில் எங்கே உணர்வு வருகிறது என்று வரைபடம் போட்டார்கள். முதுகுக்குத் துளியூண்டு இடம். உதட்டுக்கும் முகத்துக்கும் தாராளம். அந்த முகத்துக்குப் பக்கத்து வீடு கை. (எலிக்கு மீசைதான் எல்லாம். அதன் மூளையில் ஒவ்வொரு மீசை முடிக்கும் தனித்தனி அணுக்கூட்டம் இருப்பதை 1970-ல் கண்டுபிடித்தார்கள்.)

1991-ல் குரங்குகளிடம் ஒரு சேதி கிடைத்தது. கையிலிருந்து வரும் நரம்புகளை 12 வருஷம் முன்னாடியே அறுத்துவிட்ட குரங்குகள் அவை. முகத்தைத் தொட்டால் மூளையில் கைக்கான பகுதி வேலை செய்தது. ராமச்சந்திரன் இதைத்தான் பிடித்துக்கொண்டார். காலிமனையில் பக்கத்து வீட்டுக்காரர் பந்தல் போட்ட கதை.

ஆனால் 2025-ல் வந்த ஆய்வு இதையும் ஆட்டிப் பார்க்கிறது. மூன்று பேரைக் கை எடுக்கும் முன்னும் பின்னும் ஸ்கேன் பண்ணினார்கள். இல்லாத விரலை அசைக்க முயன்றபோது பழைய இடமே வேலை செய்தது. உதடு அங்கே குடியேறவில்லை. மனை காலியாகவே இல்லை போல!

அப்போ பெரியப்பாவுக்குக் கூசினது எந்த வழியா? அது இன்னும் வழக்கில்தான் இருக்கு. கூசினது என்னமோ நிஜம். அவர் 1988-லேயே போயிட்டார். கடைசி வரைக்கும் நாங்க சிரிச்சுக்கிட்டேதான் இருந்தோம்.