மன்னார் வளைகுடா முத்துப் பார்கள்: மூச்சடக்கிய குளிப்பிலிருந்து ஸ்கூபா வரை

மன்னார் வளைகுடா முத்துப் பார்கள் என்பவை தூத்துக்குடிக் கரைக்கு எதிரே கடலடியில் பரந்து கிடக்கும் பாறைத் திட்டுகளாகும். 'பார்' என்ற சொல் இக்கடற்கரையில் கடலடிப் பாறையைக் குறிக்கும். முத்துச்சிப்பிகள் (பிங்டாடா ஃபியூகேட்டா) இப்பாறைகளில் ஒட்டி வாழ்கின்றன. பல நூற்றாண்டுகளாக இக்கடலடியை நேரில் கண்டவர்கள் மூச்சை அடக்கிக் குளித்த தொழிலாளர்கள் மட்டுமே. 1950களின் இறுதியில் ஸ்கூபா கருவி வந்த பின்னரே ஆய்வாளர்கள் தாமே அங்கு இறங்கினர். அதற்குச் சில ஆண்டுகளில், 1961ஆம் ஆண்டோடு, முத்துக்குளிப்பு நின்றுபோனது.

கடலடியும் பருவமும்

பெரும்பாலான பார்கள் கரையிலிருந்து சுமார் 10 முதல் 20 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் உள்ளன. தோலாயிரம் பார் இவற்றுள் புகழ்பெற்றது. பாறையின் மேல் கடற்பஞ்சுகள், கடல் விசிறிகள், பவளங்கள் ஆகியவை வளர்கின்றன. களவா, கிளிமீன், கிளாத்தி போன்ற மீன்கள் அவற்றைச் சுற்றி வாழ்கின்றன. பார்களுக்கு இடையிலுள்ள நுண்மணற் பரப்பில் புழுக்கள் மிகுதி. அவற்றை உண்ணும் சங்குகளும் அங்கேயே கிடைக்கின்றன. எனவே பாறை முத்துக்கும் மணல் சங்குக்கும் உரிய இடமாயிற்று.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து நீர் கலங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஏறக்குறைய பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, காற்று தணிந்து நீர் தெளியும். முத்துக்குளிப்பு இந்தக் குறுகிய காலத்திலேயே நடந்தது.

மூச்சடக்கிய குளிப்பு

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழி நூலான 'பெரிப்ளஸ்' கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகள் அதில் ஈடுபடுத்தப்பட்டதாக அந்நூல் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, சுறாக்கள் தாக்காதிருக்க மந்திரம் ஓதுவோருக்கு முத்தில் பங்கு தரப்பட்டதை எழுதியுள்ளார். பிற்காலத்தில் இவர்கள் 'கடல்கட்டி' எனப்பட்டனர். பரதவர்களும் கீழக்கரை போன்ற ஊர்களின் முஸ்லிம்களும் இத்தொழிலில் முதன்மை பெற்றிருந்தனர். 1658இல் தூத்துக்குடி போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறியது. அதன்பின் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சி மாறினாலும் குளிக்கும் முறை மாறவில்லை.

குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து விரைவாகக் கீழே இறங்குவார். அடியைத் தொட்டதும் கல் மேலே இழுக்கப்படும். அவர் சிப்பிகளைப் பறித்து வலைப்பையில் நிரப்பிக் கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் இழுப்பார். ஒரு முழுக்கு பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் நீடித்தது. ஆங்கிலேயர் காலத்தில் சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவருக்குச் சேர்ந்தது. மீதியை அரசு ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டது. சிப்பியைத் திறக்கும்வரை உள்ளே முத்து உண்டா என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

ஆய்வின் தொடக்கம்

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடைபெறவில்லை. சிப்பிகள் சில காலம் பெருகும். பிறகு பல ஆண்டுகள் பார்கள் வெறுமையாகிவிடும். 1926 முதல் 1928 வரை நடந்த குளிப்புக்குப் பின் அடுத்த தொடர் குளிப்பு 1955இல்தான் தொடங்கியது.

இதன் காரணத்தை அறிய அரசு முயன்றது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890இல் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றிய நூலை வெளியிட்டார். ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹார்னெல் ஆகியோர் 1902இல் இலங்கைப் பார்களை ஆராய்ந்தனர். ஹார்னெல் 1905இல் இந்தியப் பார்கள் குறித்து அறிக்கை அளித்தார். திருக்கை, கிளாத்தி போன்ற மீன்கள் சிப்பிகளை உண்பதும், மணல் நகர்ந்து பார்களை மூடுவதும் இழப்புக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. ஆயினும் இவ்வாய்வுகள் பெரிதும் குளியாட்கள் மேலே கொண்டுவந்த மாதிரிகளையும் அவர்கள் சொன்ன செய்திகளையும் நம்பியிருந்தன.

ஸ்கூபாவின் வருகை

குஸ்தோவும் காஞ்ஞானும் 1943இல் பிரான்சில் உருவாக்கிய நீரடிச் சுவாசக் கருவி, மூழ்குபவர் காற்று உருளையைத் தம்முடன் கொண்டு செல்ல வழி செய்தது. 1950களின் இறுதியில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வல்லுநரான இத்தாலியர் பாஸ்கியேரி-சால்வதோரி இப்பார்களை ஆராய்ந்தார். அவரது அறிக்கை 1960இல் வெளியானது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் தூத்துக்குடிக் கடலில் ஸ்கூபா மூலம் மூழ்கி, பாறை, மணல், உயிரினங்கள் ஆகியவற்றை நேரில் கண்டு 1960களில் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டனர். ஒன்றரை நிமிடப் பார்வை நீண்ட நேர ஆய்வாக மாறியது.

ஆனால் 1961க்குப் பின் பார்களில் குளிப்புக்குப் போதிய சிப்பிகள் சேரவில்லை. முத்து கடலிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நகர்ந்தது. 1973இல் அதே நிறுவனத்தின் அழகர்சாமி தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்.

இன்றைய நிலை

1986இல் 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியதால் தூத்துக்குடி அருகே விலாங்குசல்லி, கீழக்கரை அருகே பூவரசன்பட்டி ஆகிய தீவுகள் கடலில் மூழ்கின. 2001இல் பவளங்களும் கடல் அட்டைகளும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடல்நீர் வெப்பம் உயர்ந்ததால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவு வெளிறின. இச்சேதங்களை ஆய்வாளர்கள் ஸ்கூபா மூலமே அளவிடுகின்றனர்.

சங்குக் குளிப்பு இன்றும் தொடர்கிறது. குளிப்போர் பலர் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசிக்கின்றனர். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல் மூன்று மடங்கு. அங்கு நெடுநேரம் இருந்தால் நைட்ரஜன் உடலில் கரைந்து சேரும். விரைந்து மேலே வந்தால் அது குமிழ்களாகி மூட்டுவலி, பக்கவாதம், சில வேளை மரணத்தையும் விளைவிக்கும். மூச்சடக்கிக் குளித்தவர்களை இந்நோய் பெரிதாகத் தாக்கவில்லை. அவர்களின் நுரையீரலே நேரத்துக்கு எல்லை வகுத்தது. ஸ்கூபா பயிற்சியில் ஆழம், நேரம், மேலேறும் வேகம் ஆகியவற்றின் கணக்கு முதலில் கற்பிக்கப்படுகிறது. பயிற்சியின்றிக் குழாய்க் காற்றை நம்பி இறங்கும் சங்குக் குளியாட்களுக்கு அக்கணக்கு பெரும்பாலும் கிடைப்பதில்லை.