முதலில் பந்தயத்தை முடிக்க வேண்டும்

ஸ்ரீபெரும்புதூரில் பேருந்து ஏறி, வல்லம் வடகாலைக் கடந்து ஒரகடம் சென்று, அங்கிருந்து சேரப்பணஞ்சேரிப் பக்கம் திரும்பும் வாசகர் ஒருவர், வழி நெடுகிலும் உள்ள ஆலைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் உலக மோட்டார்ப் பந்தய வரலாற்றில் பாதியைப் படித்தவர் ஆவார். ஒரகடத்தில் 2010-ல் தொடங்கிய ஆலையின் பலகையில் ரெனோ என்ற பெயர் ஏறியது. 2012-ல் அங்கே லாரி ஆலை திறந்த டெய்ம்லர், மெர்சிடிஸ் குடும்பத்தில் பிறந்தது. வல்லம் வடகாலில் யமஹா மோட்டார் சைக்கிள் ஆலை இருக்கிறது. சற்றுத் தெற்கே மறைமலை நகரில் 2022 வரை ஃபோர்டு கார்கள் செய்யப்பட்டன. இந்த நான்கு பெயர்களும் ஃபார்முலா ஒன் எனப்படும் முதல் தரப் பந்தயத்துக்கு என்ஜின் கொடுத்த பெயர்கள். ஒன்று பல்லாண்டுகள் கோலோச்சியது. ஒன்று கேலிக்கு ஆளாகிப் பிறகு தலை நிமிர்ந்தது. ஒன்று கடைசி வரை வெல்லவே இல்லை.

இதே வட்டாரத்தில், இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே அமைத்த ஓடுதளம் ஒன்றும் உண்டு. பந்தயம் முடிந்து வெளியே வரும் ரசிகர்கள் தேநீர்க் கடையில் கூடினால் விவாதம் ஒன்றுதான்: வென்றது ஓட்டுநரா, என்ஜினா? ஒரே அணி தொடர்ந்து வென்றுகொண்டிருந்தால் அதைப் பந்தயம் என்று சொல்லலாமா? இக்கேள்விகளுக்கு விடை தேடுமுன், பந்தய என்ஜின் ஏன் உடைகிறது என்பதைப் பார்ப்போம்.

காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 2009 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் என்ஜின் நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை சுழல விதி அனுமதித்தது. அதாவது வினாடிக்கு 300 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று, கீழே வந்து மீண்டும் ஒரு கணம் நிற்கிறது. ஆக வினாடிக்கு 600 முறை நின்று புறப்படுகிறது. அது செல்லும் தூரமோ சுமார் 40 மில்லிமீட்டர்தான். இந்தக் குறுகிய இடத்துக்குள் ஓடி நிற்க வேண்டுமானால் அதன் முடுக்கம், உச்ச நிலையில், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 8,000 மடங்குக்கு மேல் ஆகிறது. பிஸ்டனின் எடை கால் கிலோ என்று வைத்துக்கொண்டால், அதைப் பிடித்து இழுக்கும் தண்டின் மீது ஏறத்தாழ இரண்டு டன் சுமை. அதுவும் வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை!

இதோடு நம் ஊர் மாருதி 800-ஐ ஒப்பிடுங்கள். அதன் பிஸ்டன் 72 மில்லிமீட்டர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 5,500 சுற்றில் அதன் உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 1,500 மடங்கு. அந்தச் சிறு காரே இவ்வளவு தாங்குகிறது என்பது நாம் அன்றாடம் கவனிக்காத ஒரு வியப்பு. பந்தய என்ஜின் அதைவிட ஐந்து மடங்குக்கு மேல் தாங்க வேண்டும். மேலும் எடையும் குறைவாக இருக்க வேண்டும். கனமான பிஸ்டன் உடையாது, ஆனால் வெல்லாது. இலேசான பிஸ்டன் வெல்லும், உடையாமல் இருந்தால்.

இனி பலகைகளுக்கு வருவோம். முதலில் ஃபோர்டு. 1967 ஜூன் 4 அன்று ஹாலந்தில் சாண்ட்வோர்ட் களத்தில், ஃபோர்டின் பணத்தில் காஸ்வொர்த் என்னும் ஆங்கிலப் பட்டறை செய்த மூன்று லிட்டர், எட்டு சிலிண்டர் என்ஜின் முதன்முதலாக ஓடியது. ஓட்டியவர் ஜிம் கிளார்க். முதல் பந்தயத்திலேயே வெற்றி! அதை வடிவமைத்த கீத் டக்வொர்த்துக்கு ஃபோர்டு அளித்த தொகை ஒரு லட்சம் பவுன். அந்த என்ஜின் 1983 வரை 155 பந்தயங்களை வென்றது. 1969-லும் 1973-லும் உலகப் போட்டியின் எல்லாப் பந்தயங்களையும் அதுவே வென்றது. ஆனால் ஒரு வேடிக்கை: இந்த ஆதிக்கத்தை எந்த ரசிகரும் குறை சொன்னதில்லை. காரணம், அடுத்த ஆண்டு முதலே அந்த என்ஜின் மற்ற அணிகளுக்கும் விற்கப்பட்டது. பணம் கொடுத்தவர் எவரும் வாங்கலாம். ஆகவே என்ஜின் ஒன்றுதான் வென்றது. அணிகள் மாறி மாறி வென்றன. ரசிகர்களைச் சலிப்படையச் செய்வது என்ஜினின் ஆதிக்கம் அன்று, அதைப் பூட்டி வைத்துக்கொள்வதே என்பது என் கருத்து.

அந்த என்ஜினை எதிர்க்க வந்தது ரெனோ. மூன்று லிட்டர் சாதாரண என்ஜின், அல்லது காற்றை அழுத்தி ஊட்டும் ஒன்றரை லிட்டர் என்ஜின் என்று விதி இருந்தது. இரண்டாவதை எவரும் தொடவில்லை. ரெனோ துணிந்தது. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு விசிறி சுழல்கிறது. அதே அச்சில் உள்ள மற்றொரு விசிறி காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் திணிக்கிறது. இதுவே டர்போ. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும், திறன் கூடும். ஆனால் வெப்பமும் கூடும். 1977 ஜூலையில் இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் களத்தில் அறிமுகமான அந்த மஞ்சள் கார் பாதியில் நின்றது. பிறகும் அடிக்கடி வெண்புகை கக்கி நிற்கவே, எதிரணியினர் அதற்கு ‘மஞ்சள் தேநீர்க் கெண்டி’ என்று பெயர் வைத்தார்கள். சிரித்தவர்கள் இரண்டே ஆண்டுகளில் நிறுத்திக்கொண்டனர். 1979 ஜூலை முதல் நாள் பிரான்சில் திஜோன் களத்தில் ஜபூயி அதே மஞ்சள் நிறக் காரில் வென்றார். சில ஆண்டுகளில் எல்லாரும் டர்போவுக்கு மாறினார்கள்.

ஆயினும் பாதை வகுத்தவருக்குப் பட்டம் கிட்டவில்லை. 1983-ன் கடைசிப் பந்தயம் தென்னாப்பிரிக்காவில். ரெனோவின் அலென் ப்ரோஸ்ட் முன்னிலையோடு வந்தார். டர்போ பழுதாகி அவர் கார் நின்றது. பிராபம் அணியின் பிக்கே மூன்றாவதாக வந்து, இரண்டே புள்ளிகளில் உலகப் பட்டத்தைக் கொண்டு போனார்.

ரெனோ பொறியாளர்கள் சோர்ந்துவிடவில்லை. என்ஜின் மிக வேகமாகச் சுழலும்போது வால்வை மூடும் சுருள்வில் ஈடுகொடுக்காமல் அதிர ஆரம்பிக்கும். வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிட்டால் இரண்டும் மோதி நொறுங்கும். சுருள்வில்லையே எடுத்துவிட்டு, அழுத்தப்பட்ட வாயுவை வில்லாகப் பயன்படுத்தினார்கள். 1986-ல் பந்தயத்துக்கு வந்த இந்த உபாயத்தை அடுத்த பத்தாண்டுகளில் எல்லாரும் மேற்கொண்டனர். 1992 முதல் 1997 வரை ஆறு ஆண்டுகள், அணிகளுக்கான உலகப் பட்டம் தொடர்ந்து ரெனோ என்ஜின் பூட்டிய கார்களுக்கே சென்றது.

யமஹாவின் கதை சிறியது. ஆனால் கேட்டவர் மறக்கமாட்டார். 1997 ஆகஸ்டில் ஹங்கேரிப் பந்தயம். அதற்கு முன் ஒரு வெற்றியும் காணாத ஆரோஸ் அணி, அதுவரை வெல்லாத யமஹா என்ஜின், ஓட்டுநர் டேமன் ஹில். அரை நிமிடத்துக்கு மேல் முன்னிலை. இன்னும் மூன்றே சுற்று. அப்போது கியரையும் முடுக்கியையும் இயக்கும் எண்ணெய் அழுத்தம் இறங்கியது. கடைசிச் சுற்றில் வில்னேவ் முந்திச் சென்றார். ஹில் இரண்டாவது. என்ஜின் நன்றாகவே இருந்தது! அவ்வாண்டு இறுதியில் யமஹா ஒரு வெற்றியும் இல்லாமல் விலகிக்கொண்டது.

நான்காவது பெயர் மெர்சிடிஸ். 2014-ல் விதி மாறியது: 1.6 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ, கூடவே மின்மோட்டார். பந்தயம் முழுமைக்கும் 100 கிலோ எரிபொருள்தான். முன்பு ஆனதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெட்டு. ஆண்டுக்கு ஓர் ஓட்டுநருக்கு ஐந்து என்ஜின் தொகுதிகளே. 2018-ல் அது மூன்றாயிற்று. அதிகமாக எடுத்தால், புறப்படும் வரிசையில் பின்னால் நிற்க வேண்டும். ஒரு காலத்தில் பந்தயத்துக்குப் பந்தயம் புது என்ஜின் மாட்டியவர்களுக்கு இது பெரிய சோதனை. மெர்சிடிஸ் பொறியாளர்கள் டர்போவின் இரு விசிறிகளையும் பிரித்து, சூடான விசிறியை என்ஜினின் பின்புறமும், காற்றை அழுத்தும் விசிறியை முன்புறமும் வைத்து, நீண்ட தண்டால் இணைத்தார்கள். சூடு உள்ளே வரும் காற்றைத் தொடவில்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதனால் குளிரூட்டும் கருவி சிறிதாக இருந்தால் போதும். காரின் உடலும் ஒடுங்கியது. 2017-ல் அவர்கள் சோதனைக் கூடத்தில் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் உழைப்பாக மாற்றிக் காட்டினார்கள். சாதாரண பெட்ரோல் கார் மூன்றில் ஒரு பங்கை எட்டினாலே பெரிது.

விளைவு: 2014-ல் 19 பந்தயங்களில் 16, 2015-லும் 19-ல் 16, 2016-ல் 21-ல் 19. அணிகளுக்கான பட்டம் 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு. முன்னரும் இத்தகைய ஆதிக்கம் உண்டு. 1988-ல் ஹோண்டா என்ஜின் பூட்டிய மெக்லாரன் 16-ல் 15 வென்றது. தப்பிய ஒன்று இத்தாலியில் மோன்சா. அங்கே ப்ரோஸ்டின் என்ஜின் பழுதாயிற்று. முன்னணியில் இருந்த சென்னா வேறொரு காரில் மோதினார். என்ஸோ ஃபெராரி இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், அவர் நாட்டிலேயே அவர் கார்கள் முதலிரண்டு இடங்களைப் பிடித்தன.

ஆதிக்கம் செலுத்துபவருக்கும் உடையும் பயம் விடுவதில்லை. 2016 அக்டோபர் 2, மலேசியாவின் செப்பாங் களம். நம்மவர் பலர் சென்று பார்க்கும் பந்தயமாக இருந்தது அது. மெர்சிடிஸின் ஹாமில்டன் முதலில் சென்றுகொண்டிருந்தார். 56 சுற்றில் 41-ஆம் சுற்று, என்ஜினிலிருந்து தீ. வெற்றிக்கு 25 புள்ளி. அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். ஆண்டு முடிவில் அதே அணியின் ரோஸ்பெர்க் 385, ஹாமில்டன் 380. ஐந்து புள்ளிகள்! கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டுக்கும் ஆதிக்கத்தின் சுவை தெரியும். நொய்டாவை அடுத்த களத்தில் 2011, 2012, 2013 ஆகிய மூன்றே ஆண்டுகள் ஃபார்முலா ஒன் நடந்தது. மூன்றையும் வென்றவர் ஒருவரே: ரெட் புல் அணியின் வெட்டல். அவர் காரில் இருந்தது ரெனோ என்ஜின்.

தமிழ்நாட்டின் கதை இதற்கு நேர்மாறானது. இங்கே பந்தயம் வளர்ந்தது சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில். 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. வெளிநாட்டுக் கார் வைத்திருந்த செல்வர் ஒரு பக்கம்; ஃபியட்டையும் ஹெரால்டையும் பட்டறையில் கடைந்து கொண்டுவந்தவர் மறுபக்கம். பணமுள்ளவர் கையில் நல்ல என்ஜின் என்ற நிலை. பிறகு கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தக் களம் அமைத்தது. 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள், 1990-ல் திறக்கப்பட்டது. ஹூண்டாய் ஆலை அதன் பக்கத்தில் வந்தது பின்னால்தான்.

அந்தக் காலத்தில் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் ஒரு காரியம் செய்தார். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-ன் என்ஜினை எடுத்து, குழாய்ச் சட்டத்தில் ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர், நாற்பதுக்கும் குறைவான குதிரைத்திறன். உலகக் களத்தில் இதைக் கண்டால் சிரிப்பார்கள். ஆனால் எல்லாருக்கும் அதே என்ஜின்! உதிரி பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். பழுது பார்க்கத் தெருமுனை மெக்கானிக் போதும். ஃபார்முலா மாருதி என்ற இந்த வகுப்பில்தான், ஸ்ரீபெரும்புதூர்க் களத்தில், நரேன் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்திலேயே பரிசு மேடை ஏறினார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். கோவையில் உள்ள பந்தயக் களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நரேன் 2005-ல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ். சரிவான திருப்பத்தில் மிஷலின் டயர்கள் தாங்கவில்லை என்று தெரிந்ததால், அவற்றைப் பூட்டிய 14 கார்களும் புறப்படும் முன்னரே விலகின. எஞ்சிய ஆறு கார்களே ஓடின. ஆறும் ஓடி முடித்தன. நரேனுக்கு நான்காம் இடம், ஐந்து புள்ளிகள். இந்திய ஓட்டுநர் ஒருவர் அந்தப் பந்தயத்தில் இதுவரை பெற்ற புள்ளிகள் அவ்வளவே. ஆறு பேர் ஓடிய பந்தயம்தானே என்று குறைத்துப் பேசுவோர் உண்டு. 72 சுற்றுகளை அந்தக் கார் நிற்காமல் ஓடி முடித்தது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லலாம்.